வலி விட்டுப்போன நாள்

ஹரிணி, நேற்று நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் சொன்னாய்: "வலி விட்டுருச்சுப்பா. சனிக்கிழமை பல் டாக்டர்கிட்ட போக வேணாம்." சொல்லும்போது உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அம்மா உன் வாயைத் திறக்கச் சொன்னாள். கீழ்க் கடைவாய்ப் பல்லில் கருப்பாக ஒரு குழி. தாடைக்கு அடியில் அழுத்திப் பார்த்தாள், வீக்கம் இல்லை. நெற்றியைத் தொட்டாள், சூடு இல்லை. தண்ணீர் கொடுத்தாள், சிரமமில்லாமல் குடித்தாய். "சனிக்கிழமை வரைக்கும் பாத்துக்கலாம். ஆனா போயே ஆகணும்" என்றாள். உடனே நீ அழ ஆரம்பித்தாய். "நான் வர மாட்டேன். அப்பாவுக்குப் போட்ட மாதிரி கழுத்துல ஓட்ட போட்டுருவாங்க." அதைக் கேட்டு சஞ்சய் கண்ணாடி முன்னால் போய் நின்று தன் பல்லைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வலி விட்டுவிட்டது என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு ஒரே பயம். ஏன் என்று வாயால் சொல்ல எனக்கு வராது. நீயும் காதைப் பொத்திக்கொள்வாய். அதனால் எழுதுகிறேன். இன்று வெள்ளிக்கிழமை. காலையில் உப்பளத்தில் பாத்தி மிதித்துவிட்டு வெயில் ஏறுவதற்குள் வந்துவிட்டேன். நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறீர்கள். வந்ததும் இரண்டு பேரும் இதைப் படிக்க வேண்டும். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், பிழை இருந்தால் நீயே திருத்திக்கொள் ஹரிணி. ஆனால் பாதியில் வைத்துவிடாதே.

போன ஆவணியில் நடந்தது உங்களுக்குப் பாதிதான் தெரியும். "அப்பா பல்லு புடுங்கப் போயிருக்காங்க" என்று சொல்லி உங்களைப் பெரியம்மா வீட்டில் விட்டோம்.

எனக்கும் உன்னைப்போலக் கீழ்க் கடைவாய்ப் பல்தான். வெகுநாளாகக் குழி விழுந்திருந்தது. வலித்தால் நம் உப்பளத்தில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்வேன். காலடியில் கிடக்கும் கல்லுப்பில் ஒன்றை எடுத்துக் கழுவி அந்தக் குழியில் வைத்துக் கடித்துக்கொள்வேன். சுரீர் என்று ஏறி, பிறகு மரத்துப்போகும். நம் ஊரில் உப்புக்குக் கட்டுப்படாத நோய் கிடையாது என்று ஒரு நம்பிக்கை. காலில் முள் குத்தினாலும் உப்பு, தொண்டை கட்டினாலும் உப்பு. விளைவிக்கிறவனே அதை நம்பாவிட்டால் எப்படி என்று எனக்கு நினைப்பு.

ஆவணிக் கடைசியில் வலி காதுவரை ஏறிவிட்டது. அப்போது பாத்தியெல்லாம் உப்பு வெள்ளையாக விளைந்து நிற்கிறது, வடக்கே மேகம் திரள்கிறது. ஒரு மழை போதும், அத்தனையும் கரைந்துவிடும். உப்பை வாரிக் கரையேற்றாமல் யார் டாக்டரிடம் போவார்கள்? செந்தில் மாமாதான் முதலில் பார்த்துச் சிரித்தான்.

"என்ன மச்சான், ஒரு பக்கம் மட்டும் பூரி உப்புன மாதிரி இருக்கு?"

"பேசாம வேலையப் பாருடா. வாயத் தொறந்தா உயிர் போவுது."

"அக்கா இனிமே நிம்மதியா இருக்கும். நீங்க வாயத் தொறக்க மாட்டீங்கல்ல!"

சிரித்தாலும் அவன்தான் அன்று மத்தியானம் கொட்டகையில் அடுப்பு மூட்டி, உப்பை வறுத்துத் துணியில் முடிந்து எடுத்து வந்தான். சூடு பொறுக்கும் அளவுக்குத் தாடையில் வைத்து வைத்து எடுத்தோம். இதமாக இருந்தது. மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய வலி மாத்திரையையும் போட்டுக்கொண்டேன். மறுநாளும் இதே ஒத்தடம். அதற்கு அடுத்த நாள் விடியும்போது வலி நின்றுபோயிருந்தது. அப்படியே சுத்தமாக, கையால் துடைத்து எடுத்த மாதிரி.

உப்பளத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். "பாத்தியா, உப்பு இழுத்துருச்சு" என்றார்கள். நானும் அன்று முழுக்க உப்பு வாரினேன். வீக்கம் மட்டும் கன்னத்திலிருந்து இறங்கித் தாடைக்கு அடியில் போயிருந்தது. இறங்குகிறது, அப்படியே வடிந்துவிடும் என்று நினைத்தோம்.

ஹரிணி, இந்த இடத்தை நிதானமாகப் படி. பின்னால் தஞ்சாவூரில் டாக்டரம்மா எனக்குப் புரியும்படி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பல் சொத்தையானால் கிருமி உள்ளே போய், வேரின் அடியில் எலும்புக்குள் சீழ் கட்டும். அடைபட்ட இடத்தில் சீழ் முட்டுவதால்தான் அவ்வளவு வலி. சில சமயம் பல்லுக்குள் இருக்கும் நரம்பே செத்துப்போய் வலி நிற்கும். சில சமயம் சீழ் எலும்பை அரித்து வெளியே வழி கண்டுபிடித்துவிடும், அப்போதும் வலி நிற்கும். இரண்டிலும் நோய் போகவில்லை. எனக்கு நடந்தது இரண்டாவது. கீழ்க் கடைவாய்ப் பல்லின் வேர் ஆழமானது. அங்கிருந்து கிளம்பும் சீழ் நாக்குக்கு அடியிலும் கழுத்துக்குள்ளும் இறங்கும். பாத்தி வரப்பு உடைந்தால் தண்ணீர் பள்ளம் பார்த்துத்தானே ஓடும்? அதுபோல. நாங்கள் மேலே சூடு வேறு வைத்தோம். "சூடு வச்சா ரத்த ஓட்டம் அந்தப் பக்கம் கூடும், வீக்கம் இன்னும் பரவும். வெளியில சூட்டு ஒத்தடம் குடுக்கவே கூடாதுங்க" என்றார்கள் அந்த அம்மா. உப்பு இழுத்துவிட்டது என்று நாங்கள் கொண்டாடிய அன்றைக்குத்தான் அது என் கழுத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலமே காய்ச்சல் அடித்தது. மறுநாள் காலையில் காபி குடிக்க முடியவில்லை. எச்சிலை விழுங்கினால் தொண்டையில் கல் மாட்டின மாதிரி. நாக்கு மேலே தூக்கிக்கொண்டு வாய் முழுக்க நிறைந்துவிட்டது, வாயோரம் எச்சில் வழிகிறது. பேசினால் சூடான சோற்றை வாயில் வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி குரல். கழுத்து இரண்டு பக்கமும் பலகை மாதிரி கெட்டியாகிவிட்டது. படுத்தால் மூச்சு நின்றுவிடுகிறது. உட்கார்ந்து முன்னால் குனிந்தால்தான் கொஞ்சம் வருகிறது. அம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். அவ்வளவுதான், செந்திலுக்குப் போன் போட்டாள். "வண்டிய எடுத்துட்டு வா. இன்னிக்கு உப்பப் பத்திப் பேசினே, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

நம் ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் என் வாயைப் பார்க்க டார்ச்சை எடுத்தார்கள். வாய் ஒரு விரல்கூடத் திறக்கவில்லை. டாக்டர் ஓடி வந்து ஊசி போட்டு, கையில் மருந்து ஏற்ற ஊசி குத்தி, "இங்க வச்சுக்க முடியாதும்மா. தஞ்சாவூர் போயிடுங்க" என்றார். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? எடுத்துப் பார்த்ததே இல்லை. விரலில் குத்திப் பார்த்தார்கள். முந்நூறைத் தாண்டி நின்றது. சர்க்கரை இருக்கிற உடம்பில் கிருமி சீக்கிரம் பரவும், உடம்பு எதிர்த்து நிற்காது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆம்புலன்ஸில் வழக்கம்போலப் படுக்கச் சொன்னார்கள். தலையைச் சாய்த்தேன், மூச்சு அடைத்தது. கையைக் காலை உதறினேன். "தூக்குங்க, தூக்குங்க, உக்கார வைங்க" என்று அம்மா போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆம்புலன்ஸில் கூட வந்த பையனும் உடனே கட்டிலின் தலைப்பக்கத்தை நிமிர்த்திவிட்டான். திருத்துறைப்பூண்டி, திருவாரூர் எல்லாம் தாண்டித் தஞ்சாவூர் போகும்வரை நான் குனிந்தபடி உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே குறுவை அறுத்த வயலும் நடவு வயலும் மாறி மாறிப் போயின. ஒவ்வொரு மூச்சையும் நானே கூப்பிட்டு வரவழைக்க வேண்டியிருந்தது. மறந்தால் வராதோ என்று பயம். அம்மா என் வாயைத் துடைத்துக்கொண்டே, "ஹரிணிக்குக் காலாண்டுப் பரிச்ச வருதுல்ல, நீங்கதான அவளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கணும்" என்று என்னவோ பேசிக்கொண்டே வந்தாள். எனக்கு எட்டாம் வகுப்புக் கணக்கு வராது என்பது அவளுக்கும் தெரியும்.

தஞ்சாவூரில் ரத்தம் எடுத்தார்கள். கழுத்துக்குள் சீழ் எங்கே இருக்கிறது என்று பார்க்க ஸ்கேன் எடுக்க வேண்டும். அதற்கு மல்லாந்து படுக்க வேண்டும். என்னால் படுக்க முடியாது. டாக்டரம்மா இன்னொரு டாக்டரிடம் மெதுவாகப் பேசிவிட்டு அம்மாவிடம் வந்தார்கள்.

"ஸ்கேன் அப்புறம்மா. மொதல்ல மூச்சுக்கு வழி பண்ணணும். கழுத்துல முன்பக்கம் மூச்சுக்குழாயில சின்னதா தொளை போட்டு ஒரு குழாய் வைக்கப்போறோம்."

"பல்லு வலின்னு வந்தோம்மா."

"பல்லுலதான்மா ஆரம்பிச்சிருக்கு. நாக்குக்கு அடியில ரெண்டு பக்கமும் பரவிருச்சு. லுட்விக் ஆஞ்சைனான்னு பேரு. இன்னும் விட்டா நெஞ்சுக்குள்ள எறங்கும். அதுக்கு முன்னாடியே மூச்சு அடைச்சிரும்."

"தொள போட்டா... பேச்சு வருமா?"

"குழாய் இருக்கறவரைக்கும் வராது. எடுத்ததும் வந்துரும்."

அம்மா கையெழுத்துப் போட்டாள். அவள் எழுத்து எவ்வளவு குண்டாக, அழகாக இருக்கும், உங்களுக்குத் தெரியுமே. அன்று அது கோணிக்கொண்டு போனதை நான் பார்த்தேன்.

இனிமேல் எழுதப்போவதைப் படித்து நீ பயப்படுவாய். ஆனாலும் எழுதுகிறேன், பாதியைச் சொன்னால் மீதியை நீயாகப் பெரிசாக்கிக்கொள்வாய். மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைத்துத்தான் ஆப்பரேஷன் செய்வார்கள் என்று நினைத்திருந்தேன். எனக்கு அது முடியாதாம். தூங்கினால் தொண்டைத் தசை தளர்ந்து, இருக்கிற கொஞ்ச வழியும் மூடிவிடும். அதனால் உட்கார்ந்த நிலையிலேயே, நான் விழித்திருக்கும்போதே, கழுத்தை மட்டும் மரக்க வைத்துச் செய்தார்கள். ஊசி குத்தியது தெரிந்தது. அதற்குப் பிறகு வலி இல்லை, அழுத்துவதும் இழுப்பதும் மட்டும் தெரிந்தது. நடுவில் ஒரு தடவை மூச்சு முழுக்க நின்றுவிட்டது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. செத்துவிட்டோம் என்றே நினைத்தேன். அப்போது எனக்கு சாமி ஞாபகம் வரவில்லை. நீங்கள் இரண்டு பேரும் வாசலில் செருப்பைக் கண்டபடி கழற்றிப் போட்டிருப்பீர்களே, அதுதான் வந்தது.

திடீரென்று காற்று வந்தது. மூக்கு வழியாக இல்லை, வாய் வழியாக இல்லை. நெஞ்சுக்குள் நேராகக் குளிர்ச்சியாக இறங்கியது. அதன் பிறகுதான் தூங்க வைத்தார்கள். ஸ்கேன் எடுத்து, தாடைக்கு அடியில் கீறிச் சீழை வெளியேற்றி, மூலகாரணமான அந்தப் பல்லையும் பிடுங்கிவிட்டார்கள்.

விழித்தபோது குரல் இல்லை. கழுத்தில் குழாய், தாடைக்கு அடியில் சீழ் வடிய ரப்பர் குழாய்கள், மூக்கு வழியாகக் கஞ்சி போக இன்னொரு குழாய். கழுத்துக் குழாயில் சளி அடைத்தால் நர்ஸ் வந்து மெஷினால் உறிஞ்சி எடுப்பார்கள். அந்த நேரம் தண்ணீருக்குள் அமுக்குகிற மாதிரி இருக்கும். அதற்குப் பயந்துகொண்டு சளி வந்தாலும் சொல்லாமல் இருந்து பார்த்தேன். நர்ஸ் கண்டுபிடித்துத் திட்டினார்கள். "இவ்ளோ பெரிய மனுசன், எங்க வார்டுல சின்னப் புள்ளைங்களே கைய தூக்கிக் கூப்புடுது!"

வார்டுக்கு மாற்றிய பிறகு பக்கத்துக் கட்டிலில் முத்துப்பேட்டை பாய் ஒருவர் இருந்தார். மளிகைக்கடை வைத்திருப்பவர். காலில் புண், அவருக்கும் சர்க்கரை. எனக்குப் பேச்சு இல்லாததால் இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே பேசுவார். "ஒங்களுக்குப் பல்லு, எனக்குக் காலு தம்பி. ஆனா மொதலாளி ஒருத்தன்தான்" என்று சர்க்கரை பார்க்கும் மெஷினைக் காட்டுவார். அவர் வீட்டம்மா சாப்பாட்டுக் கேரியரில் ஓர் அடுக்கை அம்மாவுக்கென்றே கொண்டுவருவார்கள். அம்மா வேண்டாம் என்றால், "ஒனக்குக் குடுக்கல, அவரத் தூக்கி உக்கார வைக்கற கைக்குக் குடுக்கறேன்" என்பார்கள். வைத்தியம் அரசாங்கத்துக் காப்பீட்டு அட்டையில் நடந்தது. மற்றச் செலவு பெரியவர்கள் பாடு, அதை இதில் எழுதவில்லை.

ஒரு நாள் நீங்கள் போன் செய்தீர்கள். அப்பாகிட்ட குடு என்று சஞ்சய் பிடிவாதம். அதுவரை தூங்குகிறார்கள், தூங்குகிறார்கள் என்றே சொல்லிவந்த அம்மா, அன்று போனை ஸ்பீக்கரில் போட்டு என் காதருகே வைத்துவிட்டாள். "அப்பா? அப்பா?" என்று சஞ்சய் கூப்பிடுகிறான். என்னிடமிருந்து காற்றுதான் வருகிறது. நான் விரலால் போனைத் தட்டினேன். "யாரோ தட்றாங்கம்மா" என்றான். "அது அப்பாதான்டா" என்றாள் அம்மா. "இன்னொரு வாட்டி தட்டச் சொல்லும்மா" என்றான். நான் தட்டிக்கொண்டே இருந்தேன்.

குழாயை எடுப்பதற்கு முன்னால் அதை மூடிவைத்துப் பார்ப்பார்கள். நானாக மூக்கால் மூச்சு விட முடிகிறதா என்று தெரிய வேண்டுமே. டாக்டரம்மா விரலால் குழாயை அடைத்ததும் நான் அவர்கள் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். வழி திறந்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும், எனக்கு நம்பிக்கை இல்லை. அன்று முழுக்க என்னால் முடியவில்லை. மறுநாள், "நீங்களே உங்க விரலால மூடுங்க. வேணும்னா நீங்களே எடுத்துக்கங்க" என்றார்கள். நானே மூடினேன். எடுத்துவிட்டேன். மறுபடி மூடினேன். மூக்கு வழியாக டெட்டால் வாசனை வந்தது. "என்னங்க, ஏதாச்சும் பேசுங்க" என்றாள் அம்மா. பேச ஆயிரம் இருந்தது. "தண்ணி" என்றுதான் வந்தது, அதுவும் தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி. பாய் கட்டிலிலிருந்தே கைதட்டினார்.

இவ்வளவும் ஒரு பல். இப்போது சொல்கிறேன், கேள் ஹரிணி. என் கழுத்தில் துளை போட்டது பல் டாக்டர் பார்த்ததால் இல்லை. பார்க்காமல் இருந்ததால். உன் குழி இப்போது இருக்கும் நிலையில் ஒரு படம் எடுத்துப் பார்ப்பார்கள். சுத்தம் செய்து அடைப்பார்கள், அல்லது வேர்வரை மருந்து வைப்பார்கள், முடியாவிட்டால் பிடுங்குவார்கள். ஊசி குத்தும்போது வலிக்கும். வலிக்காது என்று நான் பொய் சொல்லமாட்டேன். இன்றைக்கு ராத்திரி வீக்கமோ காய்ச்சலோ வந்தாலும், விழுங்கக் கஷ்டமாக இருந்தாலும் சனிக்கிழமைவரை காத்திருக்க மாட்டோம். எந்த நேரமானாலும் அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. அம்மாவுக்கே இது தெரியாது, படித்துவிட்டு நீயே அவளிடம் காட்டலாம். ஊருக்கு அனுப்பும்போது டாக்டரம்மா, மேல் வரிசையில் இன்னும் இரண்டு பல் கெட்டிருக்கிறது, சர்க்கரை குறைந்ததும் எடுத்துவிட வேண்டும் என்றார்கள். சர்க்கரை குறைந்துவிட்டது. போன மாதம் இரண்டு முறை நம் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பல் டாக்டர் அறை வாசல்வரை போனேன். உள்ளே யாரோ ஒருவர் வாயைத் திறந்துகொண்டு சாய்ந்திருந்தார். அந்த நாற்காலி இன்னும் பின்னால் சாய்ந்ததும் நான் என் கழுத்துத் தழும்பைக் கையால் பொத்திக்கொண்டேன். திரும்பி வந்து, கூட்டமாக இருந்தது என்று அம்மாவிடம் சொன்னேன்.

நீ நேற்று அழுதபோது உன்னை நான் ஒரு வார்த்தை திட்டாததற்கு இதுதான் காரணம். எனக்கு உன்னைவிட அதிகமாகப் பயமாக இருக்கிறது. ஆனால் நீ பெரியவளாகும்போது உன் கழுத்தில் இப்படி ஒரு தழும்பு இருக்குமோ என்று நினைத்தால், அந்த நாற்காலியெல்லாம் எனக்கு ஒன்றுமே இல்லை.

நாளைக் காலையில் நான் போய் டோக்கன் இரண்டு வாங்குகிறேன். ஒன்று உன் பேருக்கு, ஒன்று என் பேருக்கு. சாயும் நாற்காலியை நிமிர்த்தி வைக்கச் சொல்லிக் கேட்கலாம், கேட்டால் வைப்பார்கள். யார் முதலில் உட்காருவது என்பதை நீயே முடிவு செய். நான் முதலில் என்றால், நீ உள்ளே வந்து என் பக்கத்தில் நிற்க வேண்டும்.